பூட்டும் சாவியும் பேசாத மூன்று வாரம்

நீதிமன்றத்தின் மாடிகளில் வக்கீல்கள் சத்தம் போடுவார்கள். தரைக்குக் கீழே இருக்கும் காவல் அறைகளில் சத்தம் போடுவது இரும்பு. காலையில் சிறை வேன் பின்வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றதும் அது ஆரம்பிக்கும். முதலில் வேன் கதவு, அப்புறம் வராந்தாக் கம்பிக் கதவு, அறைக் கதவு, கடைசியில் கைவிலங்கு. சாயங்காலம் அதே வரிசை தலைகீழாக. ஆண்கள் பக்கம் ஏழெட்டு அறைகள், பெண்கள் பக்கம் இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் ஒன்பது வருஷமாகக் கட்டி மேய்த்தவர்கள் இரண்டு பெண் காவலர்கள். கட்டடம் முழுக்க அவர்களுக்குப் பெயர் பூட்டும் சாவியும்.

பெயர் வைத்த புண்ணியவான் வேன் டிரைவர். பூட்டு உயரம், அகலத் தோள், பிடித்தால் பிடித்ததுதான். சாவி அவளுடைய தோளுக்குக்கூட வரமாட்டாள். வேலைக்கு ஆள் எடுத்த அன்று உயரம் அளக்கிற கம்பத்தடியில் குதிகாலைத் தூக்கி நின்று தேறியவள் அவள். அளந்தவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாராம். "அவர் பொண்ணும் என்னை மாதிரி குள்ளமா இருந்திருக்கும்" என்று சாவியே சொல்லிச் சிரிப்பாள். பூட்டு மூத்தவள் என்பதால் சாவி அவளை அக்கா என்று கூப்பிடுவாள். பூட்டு அவளை வாடி போடி என்பாள்.

பெயர் பொருந்தியதற்கு வேலையின் முதல் விதியும் ஒரு காரணம். சாவி வைத்திருப்பவர் கைதியைப் பிடிக்கக் கூடாது. கைதியைப் பிடிப்பவரிடம் சாவி இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அந்த ஒருத்தரைச் சாய்த்தால் போதும், வாசல்வரை வழி திறந்துவிடும்.

அறைக்குள் போகும் முன் காவலர்கள் இருவருடைய பேனா, கொண்டை ஊசி, கழுத்துச் சங்கிலி எல்லாம் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். கைதி சுவரைப் பார்த்து, காலை அகட்டி நிற்பாள். பூட்டு இடப்பக்கம் நின்று ஒரு கையால் முழங்கையையும் மறு கையால் மணிக்கட்டையும் பிடிப்பாள். நேர் பின்னால் நிற்க மாட்டாள். கைதி தலையைப் பின்னுக்கு வீசினால் மூக்கு உடைந்துவிடும். பிடி சரியாக விழுந்ததும் "பிடிச்சாச்சு" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் சாவி விலங்கைத் தொடுவாள். "வலது கை திறக்கறேன். மெதுவா முன்னாடி கொண்டு போய் சுவத்துல வை." திறந்த வளையத்தை அந்தக் கணமே உள்ளங்கையில் பொத்திக்கொள்வாள். ஒரு வளையம் மணிக்கட்டிலும் மற்றது வாயைத் திறந்துகொண்டு காற்றிலுமாகத் தொங்கும் விலங்கைப் போல மோசமான சாமான் அந்தக் கட்டடத்தில் வேறு கிடையாது. ஆடினால் அது கொக்கி வைத்த சங்கிலி. அதன் பிறகு "ஒண்ணு ஆச்சு." பிறகு இடது கை.

இதற்கு நடுவில் சாவியின் வாய் ஓயாது. "இந்த விலங்கு எனக்கே பெரிசா இருக்கு, உனக்கு எப்படிம்மா இறுக்குது?" "ஜட்ஜய்யா இன்னைக்கு நல்ல மூடுல இருக்காரு, நான் விசாரிச்சுட்டேன்." சிறையிலிருந்து வரும் வழியெல்லாம் காறித் துப்பிக்கொண்டு வந்த ஒருத்தி அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்று ஒருநாள் மூலையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பேர் சேர்ந்து தூக்கலாம் என்றார் ஆண்கள் பக்கத்து ஏட்டு. சாவி கம்பிக்கு வெளியே சப்பணம் போட்டு உட்கார்ந்து, தன் புருஷன் குறட்டை விடுகிற அழகைச் சொல்ல ஆரம்பித்தாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் மனுஷன், அந்த இயந்திரத்தின் தாளத்திலேயே குறட்டை விடுவாராம். அவள் மூச்சை இழுத்து நடித்துக் காட்டியதும் உள்ளே இருந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்தவள் எழுந்தும் வந்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பூட்டு பெருமையோடு ஏட்டிடம் சொன்னாள்: "பாத்தீங்களா, இவ வாய் இருக்கே, அது நாலு ஆளுக்குச் சமம்."

அந்த வாய்தான் ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் வரம்பு மீறியது.

வராந்தாவின் கோடியில் ஒரு நீள மேசை. வேன் டிரைவர், ஏட்டு, மாடியில் சாட்சிகளின் பெயரைக் கூவிக் கூப்பிடும் டவாலி, இவர்கள் இருவர் எல்லோரும் டப்பாவைத் திறக்கிற இடம் அது. டிரைவர் சும்மா இருக்க மாட்டாமல் கேட்டார்: "என்ன பூட்டு, வீட்டுக்காரரை ஆளையே காணோம்? முன்னெல்லாம் சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வந்து வாசல்ல நிப்பாரே?"

"உடம்பு சரியில்ல" என்றாள் பூட்டு.

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பது சாவிக்குத் தெரியும். வேலை பார்த்த தொழிற்சாலை அவரை நிறுத்திய பிறகு மனுஷனுக்கு வாசல் தாண்டப் பயம் வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் வருவார், அங்கேயே நிற்பார், வியர்த்துப் போய்த் திரும்பிவிடுவார். இதைப் பூட்டு ஒரே ஒரு ஆளிடம் சொல்லியிருந்தாள், பஸ்ஸில், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. அந்த ஆள் சாவி.

அன்றைக்குச் சாவிக்கு அது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் நாக்கு நுனிக்கு ஒரு வேடிக்கை வந்துவிட்டால் அதை விழுங்கத் தெரியாதவள் அவள்.

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு அண்ணே. எங்க அக்கா அவரை வீட்லயே ரிமாண்ட்ல வெச்சிருக்காங்க. வாய்தா மேல வாய்தா, ஜாமீனே கிடைக்க மாட்டேங்குது!"

மேசையே குலுங்கியது. டவாலி கையில் சோற்றோடு எழுந்து நின்று, மாடியில் கூவுகிற அதே குரலில், "பூட்டம்மா புருஷன்... பூட்டம்மா புருஷன்... பூட்டம்மா புருஷன்!" என்று மூன்று தரம் கூப்பிட்டார். டிரைவருக்குப் புரையேறியது.

பூட்டு டப்பாவை மூடினாள். அவசரமில்லாமல் மூடினாள். எழுந்து கை கழுவப் போனாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில் உட்கார்ந்தபோதுதான் சாவிக்கு உறைத்தது.

ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தாள். மறுநாள் காலை டீ வாங்கி வந்து பூட்டின் பக்கத்தில் வைத்தாள். டீ ஆறி, மேலே ஆடை கட்டி, அப்படியே இருந்தது. அதற்கு மறுநாள் வைத்ததும் அப்படியே.

"போய் வாயைத் திறந்து மன்னிப்புக் கேளேன்" என்றார் வீட்டில் சாவியின் புருஷன். "ஊருக்கெல்லாம் பேசற, இதுக்கு மட்டும் என்ன?"

"எங்க அக்காவுக்கு எம்மேல கோபம் நிக்காதுங்க. தானா இறங்கிடும்."

உண்மையில் அவளுக்குப் பயம். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அந்த மனுஷனைப் பற்றி இன்னொரு தரம் வாயைத் திறக்க வேண்டும். அதைவிட டீ வாங்கி வைப்பது சுலபமாக இருந்தது.

அதிசயம் என்னவென்றால், வேலை நிற்கவில்லை. முதல் நாள் "பிடிச்சாச்சு" என்ற சொல்லுக்குப் பதிலாக ஒரு தலையசைப்பு வந்தது. நாலைந்து நாளில் தலையசைப்பும் நின்றது. பூட்டின் தோள் இறங்கினால் பிடி விழுந்துவிட்டது என்று சாவி தெரிந்துகொண்டாள். சாவியின் மணிக்கட்டு திரும்பினால் வளையம் திறந்துவிட்டது என்று பூட்டு தெரிந்துகொண்டாள். பூட்டு பேசாததால் சாவியும் கைதிகளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கோபமாக இருக்கிற ஒருத்தி பக்கத்தில் நிற்கும்போது இன்னொருத்தியிடம் சிரித்துப் பேசுவது அவளுக்கே கூச்சமாக இருந்தது. வரவர ஒரு சொல்கூட இல்லாமல் கைதிகள் அறைக்குள் போனார்கள், வந்தார்கள்.

"என்ன ரெண்டு பேரும் ஊமைப் படம் ஓட்டறீங்க?" என்று கேட்டார் ஏட்டு.

"கை பழகிப் போச்சு ஏட்டய்யா, வாய் எதுக்கு?" என்றாள் சாவி. சொல்லும்போது கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. பேசாமலே இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடிகிறதே, நம்மைப் போல வேறு யார் இருக்கிறார்கள் என்று.

இப்படி மூன்று வாரம்.

லாண்டரிப் பெண் வந்தது அப்போதுதான். ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் இயந்திரத்திலிருந்து ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்துப் போடுகிற வேலை அவளுக்கு. அங்கே தங்கிய ஒருவரின் கைக்கடிகாரம் காணாமல் போன வழக்கில் உள்ளே போயிருந்தாள். முதல் வழக்கு. அன்று ஜாமீன் கிடைப்பது நிச்சயம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவளுடைய தங்கை மாடியில் ஜாமீன் ஆட்களோடு காலையிலேயே வந்து காத்திருந்தாள்.

வேனில் அன்றைக்குக் கூட்டம். எல்லோருக்கும் முதுகுக்குப் பின்னால்தான் விலங்கு. ஈரத் துணி இழுத்து இழுத்து அவளுடைய வலது தோள் முன்பே கெட்டுப் போயிருந்தது. வழியெல்லாம் வலி உயிரை எடுத்திருக்கிறது. சொன்னால் திட்டுவார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இதெல்லாம் பின்னால் தெரிந்த கதை. அறைக்குள் அவள் சுவரைப் பார்த்து நின்றபோது, பூட்டுக்கும் சாவிக்கும் தெரிந்தது ஒரு முதுகும் இரண்டு கைகளும்தான்.

வழக்கமாக இருந்தால் சாவி கேட்டிருப்பாள், "எங்கயாவது வலிக்குதாம்மா?" என்று. அன்று கேட்கவில்லை.

பூட்டு இடக்கையைப் பிடித்தாள். பூட்டின் உள்ளங்கை இரண்டும் வியர்த்திருந்தது. பிடியை ஒரு நொடி விட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடிக்கலாம் என்று விட்டாள். முன்னைப் போல என்றால், "பிடிச்சாச்சு" வரவில்லை, அதனால் சாவி பொறுத்திருப்பாள். சொல் இருந்தவரை, பேசாமல் இருப்பதற்குப் 'பொறு' என்று அர்த்தம். சொல்லே இல்லாமல் போன பிறகு பேசாமல் இருப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. சாவி தோளைப் பார்த்தாள். தோள் இறங்கியது. கை துடைக்க இறங்கிய தோள் அது.

வளையத்தைத் திறந்தாள்.

எதிர்பாராமல் விடுபட்ட வலது கை கல்லைப் போலத் தொங்கி விழுந்தது. லாண்டரிப் பெண் அலறினாள். வலி வந்த பக்கமாகச் சுருண்டு திரும்பினாள். சாவி பொத்திக்கொண்டிருந்த வளையம் உள்ளங்கைத் தோலைக் கிழித்துக்கொண்டு நழுவியது. யாரும் பிடித்திராத இடது கை உடம்போடு சேர்ந்து வீசியது. அதன் முனையில் வாய் திறந்த விலங்கு. கை துடைக்கக் குனிந்திருந்த பூட்டு அப்போதுதான் நிமிர்ந்தாள்.

பூட்டு கத்தவில்லை. இரண்டு கைகளாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். விரல்களுக்கு நடுவில் ரத்தம் வந்தது. லாண்டரிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, தானாகவே தரையில் குப்புறப் படுத்து, "நான் இல்லக்கா, நான் இல்லக்கா" என்று அழுதாள். ஏட்டும் இன்னும் இருவரும் ஓடிவந்து அவள் முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். சாவி பூட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவளைக் கூப்பிட்ட முதல் தடவை அது.

நீதிமன்றப் பாதுகாப்புக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், வேகமான மனிதர். சாவியின் கையில் கட்டுப் போட வைத்து, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"முறைப்படி சொல்லித்தானே திறந்தீங்க?"

"ஆமா சார்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. ஒன்பது வருஷமாக எந்த நாள் கேட்டிருந்தாலும் அந்தப் பதில் உண்மையாக இருந்திருக்கும். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருத்தியிருக்கலாம். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார், எழுதினார், கையெழுத்துக்கு நீட்டினார். அதற்குள் எத்தனையோ நேரம் இருந்தது. ஆனால் திருத்தினால் "ஏன் சொல்லல?" என்று கேட்பார். "ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல சார்." "ஏன் பேசிக்கறதில்ல?" அதற்கு மேல் போக அவளால் முடியவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

மாடியில் ஜாமீன் மனு எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடியானது. கடமையில் இருந்த காவலரைத் தாக்கிக் கண்ணைக் காயப்படுத்திய புது வழக்கு லாண்டரிப் பெண்ணின் தலையில் ஏறியது. கடிகார வழக்கு அதன் பக்கத்தில் தூசி மாதிரி ஆகிவிட்டது.

சாவி ஆஸ்பத்திரிக்குப் போனபோது பூட்டின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. எப்படி அந்த வாசலைத் தாண்டி, இத்தனை தெருக்களைத் தாண்டி வந்தார் என்று யாருக்குத் தெரியும். "உக்காரும்மா" என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். மேசையில் நடந்த கூத்தைப் பூட்டு அவரிடம் சொல்லவில்லை என்று சாவிக்குப் புரிந்தது. அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

அவர் தண்ணீர் பிடிக்கப் போனதும் பூட்டு கேட்டாள்: "என்ன எழுதிக் குடுத்த?"

"சொல்லித்தான் திறந்தோம்னு."

கட்டுப் போடாத கண் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தது. "சரி" என்றாள் பூட்டு.

"அக்கா, அன்னைக்கு நான் சாப்பிடும்போது..."

"அவர் வர்றாரு. பேசாத."

இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பூட்டு காவல் அறைக்குத் திரும்பவில்லை. வேறு கட்டடத்தில், ஒரு மேசை வேலை கொடுத்தார்கள்.

சாவி அங்கேயே இருந்தாள். பூட்டின் இடத்துக்கு வேறு ஸ்டேஷனிலிருந்து ஒருத்தி வந்தாள். கெட்டிக்காரி, சொல்ல வேண்டிய சொல்லையெல்லாம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லாண்டரிப் பெண் வந்தாள். இப்போது அவள் ஆபத்தான கைதி. அவள் அறைக் கதவில் சிவப்பு அட்டை தொங்கும். விலங்கு கழற்ற இரண்டு பேர் போதாது, நாலு பேர். வலது தோளுக்குச் சிறையில் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. கை விறைத்துக்கொண்டே வந்தது. தங்கை முதலில் தவறாமல் வந்தாள், பிறகு ஒரு வாய்தா விட்டு ஒரு வாய்தா, பிறகு காணவில்லை. ஓட்டலில் அவள் இடத்துக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டது.

ஒருநாள் நாலு பேரும் சுற்றி நின்று, பிடிக்க வேண்டியவர்கள் பிடித்து, சாவி விலங்கைத் தொடப் போன சமயத்தில், சுவரோடு ஒட்டியிருந்த முகம் மெதுவாகச் சொன்னது:

"சொல்லிட்டுத் திறங்கக்கா. சொல்லிட்டா நான் அசைய மாட்டேன்."

சாவியின் விரல் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அந்தச் சொற்களெல்லாம், கைதியைப் பார்த்துச் சொன்னதுகூட, பூட்டுக்குச் சாவி சொல்வது, சாவிக்குப் பூட்டு சொல்வது, தங்கள் இருவருடைய உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள என்றுதான் நினைத்திருந்தாள். சுவரைப் பார்த்து நிற்கிறவளுக்குத் தன் கைக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிய வேறு வழியே இல்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சொல். அது தெரியாமலே ஒன்பது வருஷம் சொல்லியிருக்கிறார்கள். தெரியாமலே நிறுத்தியும் இருக்கிறார்கள்.

"வலது கை திறக்கறேன்மா" என்றாள். புதியவள் திரும்பிப் பார்த்தாள்.

சாட்சிக் கூண்டில் உண்மையைச் சொல்லிவிடப்போவதாக வீட்டில் புருஷனிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கென்ன பைத்தியமா? வலியப் போய்த் தலையைக் குடுக்கறேங்கற. வேலையே போனாலும் போயிடும்."

"போகட்டும்."

"உன் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அவங்க தலையும்தானே சேர்ந்து உருளும்?"

கேட்கப் போனாள். பூட்டு வீட்டில் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். சாவி எல்லாவற்றையும் சொன்னாள். தாக்குதல் வழக்கில் அடுத்த வாரம் தான்தான் சாட்சி என்றாள். நடந்தது நடந்தபடி சொல்லப்போகிறேன் என்றாள்.

பூட்டு கருப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"என் கண்ணு போனதுக்கு யாருமே காரணம் இல்லன்னு ஆக்கப் போறியா?"

"யாரும் இல்லன்னு இல்லக்கா. நாம ரெண்டு பேரும்தான்."

"நாமன்னு சொல்லாத." கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் சூடு இல்லை, களைப்புதான் இருந்தது. "அவ கைதான்டி என் மேல பட்டுது. அப்படி நினைச்சுத்தான் நான் தினமும் எந்திரிக்கறேன். அதையும் நீ புடுங்கிக்கிட்டா எனக்கு மிச்சம் என்ன இருக்கு? நான் அன்னைக்கு வாயைத் திறக்காம வீம்பு பிடிச்சதுதான் மிச்சம்."

"வீம்பு பிடிக்க வெச்சவ நான்தான்க்கா."

"அது எனக்குத் தெரியும். நீ சொல்லவே இல்லையே."

"இப்ப சொல்றேன். தப்புக்கா. உங்க வீட்டு விஷயத்தை நான்..."

"இப்ப எதுக்கு?" என்றாள் பூட்டு. "அப்ப வெச்சியே டீ, அதோட சேத்து ஒரு வார்த்தை வெச்சிருந்தா குடிச்சிருப்பேன்."

சாவி எழுந்து வந்தாள். போகாதே, சொல்லாதே என்று பூட்டு தடுக்கவில்லை. சொல்லு என்றும் சொல்லவில்லை.

சாட்சிக் கூண்டில் லாண்டரிப் பெண்ணின் வக்கீல் கேட்ட கேள்வி சின்னது. அனுபவம் போதாத வக்கீல், பதிலை எதிர்பார்க்காமல் சும்மா கேட்டு வைத்த கேள்வி. "விலங்கைத் திறக்கறதுக்கு முன்னாடி அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இரண்டு சொல் பேசிய பிறகுதான் திரும்பி வந்தார். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலங்க. அவங்க பிடிச்சாச்சுன்னு சொல்லல. நான் திறக்கறேன்னு சொல்லல. எங்களுக்குள்ள மனஸ்தாபம், பேச்சுவார்த்தை இல்ல. இந்தப் பொண்ணுக்குத் தோள்ல வலி, திடீர்னு கை விழுந்ததும் துடிச்சுத் திரும்பிடுச்சு. அடிக்கல. இன்ஸ்பெக்டர்கிட்ட அன்னைக்கு நான் சொன்னது பொய்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "மனஸ்தாபம் எதனால?"

சாவி வாயைத் திறந்தாள். கூடம் முழுக்க ஆட்கள். வாசலில் டவாலி நின்றுகொண்டிருந்தார். "என்னால" என்றாள். அதற்கு மேல் கேட்டதற்கெல்லாம் அதையே சொன்னாள்.

தாக்குதல் வழக்கு தள்ளுபடியானது. கடிகார வழக்கில் ஜாமீன் வந்தது. முதல் நாளே வந்திருக்க வேண்டிய ஜாமீன், கோடை போய் மழைக்காலம் பாதியானபோது வந்தது. துறை விசாரணையில் சாவிக்குப் பதவி உயர்வு நின்றது, காவல் அறை வேலை போனது. நீதிமன்ற முன்வாசலில் பைகளைச் சோதிக்கிற இடத்தில் போட்டார்கள். கேள்விப்பட்ட வேன் டிரைவர், "இதுக்காடி அன்னைக்கு அப்படிச் சிரிச்சோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பூட்டுக்கும் ஒரு கண்டனக் கடிதம் போனது. கண் போன காவலருக்கு நடத்துவதாக இருந்த பாராட்டு விழாவை ஓசைப்படாமல் கைவிட்டார்கள். சாவி போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அடுத்த முறை அழைப்பே போகவில்லை.

முன்வாசலில் வேலை சுலபம். பை, பெல்ட், சில்லறை, கையைத் தூக்குங்க, போங்க. காலையில் வரிசை தெருவைத் தொடும். நாளெல்லாம் பேசலாம், ஆனால் சாவி தேவைக்கு மேல் பேசுவதில்லை. பக்கத்தில் நிற்கும் காவலர் அவளை ஊமை என்றுகூட நினைத்திருந்தாராம், முதல் வாரத்தில்.

ஒரு காலை வரிசையில் லாண்டரிப் பெண் வந்தாள். கடிகார வழக்கின் வாய்தா. கூட யாரும் இல்லை. பையை மேசையில் வைத்தாள். சாவி அதைத் திறந்து பார்த்தாள். தண்ணீர்ப் பாட்டில், மடித்த துண்டு, ஒரு தைலப் புட்டி.

"கையைத் தூக்கும்மா, சோதிக்கணும்" என்றாள் சாவி.

இடது கை உயர்ந்தது. வலது கை மார்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "இதுக்கு மேல போகாதுங்க" என்றாள் லாண்டரிப் பெண், ஏதோ தன் தப்பு மாதிரி. பிறகு நிமிர்ந்து பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள்.

இருவருக்கும் நடுவில் மேசை மட்டும்தான் இருந்தது. திட்டப்போகிறாள் என்று சாவி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அந்தப் பெரியக்கா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள் அவள். "கண்ணு எப்படி இருக்கு இப்ப? வலி இருக்கா? நான் தெரியாமத்தான்... உள்ள இருந்தப்பல்லாம் அதே நினைப்புத்தான். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. நீங்க அவங்களைப் பாப்பீங்க இல்ல?"

பின்னால் வரிசை நெருக்கியது. யாரோ, "கொஞ்சம் சீக்கிரம்மா" என்றார்கள்.

"தெரியலம்மா" என்றாள் சாவி. "நான் பாக்கறதில்ல."

லாண்டரிப் பெண் புரியாமல் தலையாட்டினாள். சாவி பையை மூடி, அவளுடைய இடது கைப் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.